கதவைத் தட்டிய பாட்டு

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ராஜபாளையத்தில் தூங்க முடியாது. விடியுமுன்பே மைக் செட்டில் திருப்பாவை. பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஆண்டாள் பாடியதாயிற்றே! முப்பது பாட்டில் ஆறு முதல் பதினைந்து வரை தூங்கும் தோழிகளை எழுப்பி வெளியே வரச் சொல்பவை.

இதே வேலையைச் செய்ய ஒரு ராக் பாட்டும் இருக்கிறது. எழுதியதும் நம் நாட்டில்தான்.

1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் தியானம் கற்க ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு வந்தார்கள். நடிகை மியா ஃபாரோவின் தங்கை புரூடன்ஸும் அங்கே இருந்தார். அறையைச் சாத்திக்கொண்டு தியானமே கதி என்று கிடந்தார். மற்றவர்களுக்குக் கவலை. ஜான் லெனன் அவரை வெளியே அழைத்து எழுதியதுதான் 'டியர் புரூடன்ஸ்'. கிதாரை விரல்களால் மீட்டும் முறையை உடன் தங்கியிருந்த பாடகர் டோனவன் அங்கேதான் லெனனுக்குக் கற்றுக்கொடுத்தார். தடித்த கம்பியைச் சற்று இறக்கிக் கட்டியிருப்பதால், அடியில் தம்பூரா சுருதி ஓடுவது போலவே எனக்குக் கேட்கும்.

ஒலிப்பதிவு ஆகஸ்ட் 28 முதல் 30 வரை, லண்டன் ட்ரைடெண்ட் ஸ்டுடியோவில். எட்டு டிராக் இயந்திரம் அங்கே இருந்தது. ஆனால் டிரம்ஸ் வாசிக்க ரிங்கோ ஸ்டார் இல்லை! குழுவில் தான் வேண்டாதவன் என்று மனம் வெறுத்து, ஆகஸ்ட் 22 அன்றே போய்விட்டார். பால் மெக்கார்ட்னிதான் டிரம்ஸ் வாசித்தார். வெளியே வா என்று ஒருத்தியைக் கூப்பிடும் பாட்டு, தங்களில் ஒருவன் வெளியேறிய வாரத்தில் பதிவானது!

பிறகு ரிங்கோவுக்குத் தந்தி போனது. செப்டம்பர் முதல் வாரம் அவர் திரும்பியபோது டிரம்ஸைப் பூக்களால் அலங்கரித்து வைத்திருந்தார் ஜார்ஜ் ஹாரிசன். நவம்பர் 22 அன்று ஆல்பம் வெளியானது. புரூடன்ஸ் அந்தப் பாட்டை முதன்முதலில் கேட்டதே அதற்குப் பிறகுதானாம்.

அதாவது, பாட்டு அவரை அழைத்து வரவில்லை. ஆள் போய்க் கூப்பிட வேண்டும். ரிங்கோவுக்குத் தந்தி, ஆண்டாளின் தோழிகளுக்கு வாசலில் குரல்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் விழுந்த என் நண்பன் ஒருவன் மூன்று வாரமாகக் கல்லூரிக்கு வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. நானும் "எப்படிடா இருக்கே?" என்று மெசேஜ் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன். அவன் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கதவைத் திறக்காவிட்டால், வாசலிலேயே உட்கார்ந்து பால்கோவா தின்பதாக உத்தேசம்.