நாகைக் கப்பலும் சிவப்பு அட்டையும்

1867 ஏப்ரல் முதல் நாளன்று காவிரிப் படுகையில் எதுவும் மாறிவிடவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குச் செல்லும் கப்பல்கள் முன்போலவே ஆட்களை ஏற்றிக்கொண்டுதான் போயின. ஆனால் அன்று முதல் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் இந்திய அரசின் நிர்வாகத்திலிருந்து விலகி, இலண்டனின் காலனி அலுவலகத்தின் கீழ்ச் சென்றன. அதுவரை ஒரே ஆட்சிக்குட்பட்ட ஓரூரிலிருந்து மற்றோரூருக்குப் போவதாக இருந்த பயணம், சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டுக் குடிபெயர்வாகிவிட்டது. கூலிகள் செல்ல அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலிலோ இந்தத் துறைமுகங்கள் இல்லை. இதை அதிகாரிகள் கண்டுகொள்ள மூன்றாண்டுகள் பிடித்தன. 1870இல் பயணம் தடுக்கப்பட்டது. 1872இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

நாம் இன்று குடியேற்றக் கொள்கை என்று அழைப்பது, தஞ்சைத் தரணியில் அறிமுகமானது இப்படித்தான். போனவர்கள் யார்? பெரும்பாலும் பண்ணையாட்களும் நிலமற்ற கூலிகளும். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்ற ஆதரவை நீக்கிய பிறகும் கடனும் சாதியும் அவர்களைப் பண்ணையோடு கட்டியே வைத்திருந்தன. ஆகவே கப்பல் அவர்களுக்கு ஒரே சமயத்தில் பொறியாகவும் வாசலாகவும் இருந்தது. நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் குறைகிறதே என்று மிராசுதார்கள் குறைபட்டுக்கொண்டதிலிருந்தே, அது எத்தகைய வாசல் என்பதை நாம் ஊகிக்கலாம். (நம் தஞ்சை எழுத்தாளர்கள் காவிரியையும் சங்கீதத்தையும் எழுதிய அளவுக்கு இந்தக் கப்பலை எழுதவில்லை என்பது நம் நெடுநாளைய மனக்குறை. ப.சிங்காரம் பினாங்குக்கும் மேடானுக்கும் நம்மை அழைத்துச் சென்றார். ஆனால் அவருடைய உலகம் வட்டிக்கடைக்காரர்களுடையது.)

மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி பிரித்துத் தமிழர் குடியேற்ற நிதி உருவாக்கப்பட்டது. அதிலிருந்து கப்பல் கட்டணம் செலுத்தப்பட்டது. கங்காணி தன் ஊருக்கே திரும்பிவந்து உறவினரையும் அண்டைச் சேரியாரையும் அழைத்துப்போனார். 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் ஆள்சேர்ப்பு நின்றது. அதே நிதியிலிருந்தே திரும்புவதற்கான கட்டணமும் செலுத்தப்பட்டு, மூன்றாண்டுகளுக்குள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகக் கரைக்கு அனுப்பப்பட்டனர். 1934இல் ரப்பர் விலை தேறியதும் கதவு மறுபடி திறந்தது.

அடுத்து அதை மூடியது இந்திய அரசு. வலங்கைமானில் பிறந்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு நேரில் சென்று ஆராய்ந்து, 1937இல் அறிக்கை அளித்தார். கங்காணி ஆள்சேர்ப்பை ஒழிக்கவேண்டும் என்றார். குடிபெயர்வையே நிறுத்தவேண்டும் என்று அவர் கூறவில்லை. மறு ஆண்டு தோட்ட முதலாளிகள் ஐம்பது காசு நாட்கூலியை நாற்பத்தைந்தாகக் குறைத்தனர். அதையடுத்து 1938 ஜூனில், உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்தை இந்திய அரசு தடை செய்தது. தொழிலாளியின் மானம் காக்கவே வந்த தடைதான். அதை நாம் குறைகூற முடியாது. ஆயினும் கட்டணம் கொடுக்க வழியின்றி, அடுத்த தவணையில் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம் என்று முன்னே போயிருந்தவனுக்கும் அது தடைதான். பின்பு யுத்தம் வந்தது.

1953 ஆகஸ்டில் மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், படிப்போ தனித்திறனோ இல்லாத புதியவர்கள் உள்ளே நுழைவது அரிதாயிற்று. 1957இல் நாடு விடுதலை பெற்றது. தோட்டத்திலேயே முதுமையடைந்த பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. எழுத்தறிவின்மை ஒரு காரணம். கும்பகோணத்துப் பக்கம் என்றாவது திரும்பிப் போவோம் என்ற நினைப்பு மற்றொன்று. நிரந்தரவாசி என்ற பெயரில் அவர்கள் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பிள்ளைகள் சிலரிடம் குடிமக்களுக்குரிய நீல அட்டை. ஒரே லயத்தில், ஒரே அடுப்பைச் சுற்றி இரண்டு நிறங்கள்.

1969இல், மே 13 கலவரத்தின் சூடு ஆறாத நாட்களில், குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. முப்பது ஆண்டுகளாகப் பால்மரம் வெட்டிய கைக்குத் திடீரென ஒரு காகிதம் தேவைப்பட்டது. ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களில் தஞ்சைக்காரர்கள் பலரும் இளமையில் புறப்பட்ட நாகப்பட்டினத்திலேயே, பெரும்பாலும் 1926இல் கட்டப்பட்ட அதே ரஜுலா கப்பலிலிருந்து இறங்கினர். நீல அட்டை வைத்திருந்த மகனோ மகளோ அக்கரையில் தங்கிவிட்டனர். ரஜுலாவுக்குப் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அத்துடன் அந்தக் கப்பல் வழியும் அற்றுப்போயிற்று.

நாகையிலிருந்து மீண்டும் பயணிகள் கப்பல் புறப்பட்டது 2023 அக்டோபர் 14 அன்று. இம்முறை காங்கேசன்துறைக்கு. அதில் ஏறக் கடவுச்சீட்டு வேண்டும். 1983க்குப் பின் அந்தக் கடலைத் தோணியில் கடந்து, ஏதிலிகளாகத் தமிழகத்துக்கு வந்த ஈழத்தமிழர்களின் முகாம்களில் பழைய நிறக்கணக்கு இன்று வேறு உருவில் நடக்கிறது. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இம்மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும். மண்டபம் முகாமில் அந்தத் தேதிக்கு முன் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அது குடியுரிமை அன்று. முகாமில் 1986இல் பிறந்த அக்காள் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 1988இல் அதே முகாமில் பிறந்த தம்பியால் முடியாது.