மலாயாவில் இனமும் தொழிலும்

ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவில் ஒருவர் செய்யும் தொழிலை அறிய அவருடைய இனத்தைக் கேட்டாலே பெரும்பாலும் போதுமாயிருந்தது. ஈயச் சுரங்கங்களில் சீனர்; ரப்பர்த் தோட்டங்களில் கங்காணிகள் திரட்டி வந்த தமிழர்; வயல்களில் மலாய்க் குடியானவர். மலாய் உயர்குடிப் பிள்ளைகளோ அரசுப் பதவியை நாடினர். அதற்கென்றே 1905இல் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி தொடங்கப்பெற்றது.

நம் கடற்கரை ஊர்களிலிருந்து பினாங்கு சென்ற சபராளிகள் வேறு வழியினர். 'சூலியா' எனப்பட்ட அம்மக்களின் தலைவர் காதர் முகைதீன் 1801இல் நிறுவியதே அங்குள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். நாணய மாற்று, மசாலா வணிகம், நாசி கண்டார் உணவுக்கடை என அவர்கள் தேடிய தொழில்கள் பிறவிக் குணத்தால் அமைந்தவை அல்ல. முன்னே சென்ற மாமனும் மச்சானும் கடையில் இடம் வைத்திருந்தனர். அறியாத தொழிலைத் தேடி அலைய எவருக்குத் துணிவு வரும்?

1969 கலவரத்தின் பின், 1971இல் வகுக்கப்பட்ட புதிய பொருளாதாரக் கொள்கை, இனத்தால் தொழிலை அடையாளங்காணும் நிலையை ஒழிக்க முற்பட்டது. மலாய் இளைஞர் ஆலைகளிலும் நகர அலுவலகங்களிலும் நுழைந்தனர். அரசுப் பணியிலோ அவர்கள் தொகையே மேலோங்கியது. கிடைக்காது என்ற எண்ணத்தால் படித்த சீன, இந்திய இளைஞர் பலர் அப்பணிக்கு விண்ணப்பிப்பதையே விட்டனர். விண்ணப்பங்கள் வரவில்லை என்று அரசுத் தரப்பு கூறிவந்தது.