தங்க ரேக்கிலிருந்து சிலிக்கான் வரை: மோட்டார்த் தண்டின் கோணத்தை அறிந்த கதை

மின்சார மோட்டார் ஒழுங்காகச் சுற்ற வேண்டுமென்றால் ஒரு விஷயம் கண்டிப்பாகத் தெரிந்தாக வேண்டும். அதன் தண்டு, அதாவது பட்டறைகளில் ஷாஃப்ட் என்று சொல்கிறார்களே அது, இந்த நொடியில் எந்தக் கோணத்தில் நிற்கிறது? அந்தக் கோணத்துக்கு ஏற்ற சுருளுக்குத்தான் மின்சாரம் போக வேண்டும். தப்பான சுருளுக்குப் போனால் மோட்டார் உதறும், சூடாகும், சில சமயம் எதிர்ப்பக்கமாகக்கூடத் திரும்பும்.

இன்று இந்தக் கோணத்தைச் சொல்வது ஒரு சின்னக் காந்தமும் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிப்பும்தான். இதைத் தயாரிப்பது இவ்வளவு எளிதாக 100 ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

சென்சாரே இல்லாத காலம்

பழைய டிசி மோட்டார்களில் சென்சார் கிடையாது. தண்டோடு சேர்ந்து சுற்றும் செப்புத் துண்டுகள் கொண்ட கம்யூட்டேட்டரும், அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும் கார்பன் பிரஷ்ஷும் சரியான சுருளுக்கு மின்சாரத்தை மாற்றிவிட்டன. ஆனால் பிரஷ் தேயும், தீப்பொறி பறக்கும், கரித்தூள் படியும்.

டிரான்சிஸ்டர் வந்த பிறகு இதற்கு மாற்று பிறந்தது. 1962-இல் டி.ஜி. வில்சன், பி.எச். டிரிக்கி என்ற இருவர், பிரஷ்ஷின் வேலையை மின்னணுச் சுவிட்சுகளே செய்யும் டிசி மோட்டாரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பிரஷ் போனது. கூடவே ஒரு புதிய சிக்கல் வந்தது. தண்டு எங்கே நிற்கிறது என்பதை இனி யாராவது சுவிட்சுகளுக்குச் சொல்ல வேண்டுமே!

தங்க ரேக்கில் கிடைத்த விடை

அதற்கான விடை 1879-லேயே கிடைத்திருந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தவர் எட்வின் ஹால். வயது 23. காந்தத்தின் விசை கம்பியின்மேல்தான் செயல்படுகிறது, உள்ளே ஓடும் மின்னோட்டத்தின்மேல் அல்ல என்று மாமேதை மாக்ஸ்வெல் எழுதியிருந்தது அவருக்குச் சரியாகப் படவில்லை. சோதித்துப் பார்த்தார். கனமான உலோகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேராசிரியர் ஹென்றி ரோலண்டின் யோசனைப்படி கண்ணாடிமேல் ஒட்டிய மெல்லிய தங்க ரேக்கை எடுத்துக்கொண்டார். அதில் மின்னோட்டம் செலுத்திக் காந்தத்துக்கு நடுவே வைத்தபோது, ரேக்கின் இரு ஓரங்களுக்கிடையே சிறிய மின்னழுத்தம் தோன்றியது. இதுவே ஹால் விளைவு. எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதை ஜே.ஜே. தாம்சன் நிரூபித்தது இதற்கு 18 ஆண்டுகள் கழித்து, 1897-இல்தான்!

காந்தம் நெருங்கினால் மின்னழுத்தம் மாறும் என்றால் அது ஒரு சென்சார்தானே? ஆனால் உலோகத்தில் கிடைத்த மின்னழுத்தம் மிக மிகக் குறைவு. எனவே 70 ஆண்டுகளுக்கும் மேலாக ஹால் விளைவு பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிட்டது.

சுமாரான பொருள் வென்றது

1950-களில் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் ஹைன்ரிக் வெல்கர் இண்டியம் ஆன்டிமோனைடு போன்ற புதிய குறைகடத்திகளை ஆராய்ந்தார். அவற்றில் ஹால் மின்னழுத்தம் பல மடங்கு அதிகம். ஆனாலும் அந்தச் சிறு துண்டைத் தனியாகச் செய்து, பெருக்கியைத் தனியாகச் செய்து, இரண்டையும் இணைக்க வேண்டியிருந்தது.

சிலிக்கானோ ஹால் விளைவுக்குச் சுமாரான பொருள்தான். ஆனால் ஒரு வசதி உண்டு. சென்சாரையும் பெருக்கியையும் ஒரே சிப்பில், ஒரே தயாரிப்பு முறையில் செய்துவிடலாம். அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனத்தில் எவரெட் வோர்த்மன், ஜோசப் மாபின் இருவரும் 1968-இல் இதைச் சாதித்தார்கள். அவர்கள் செய்தது மோட்டாருக்காக அல்ல, கீபோர்டுக்காக! ஒவ்வொரு விசைக்கும் ஒரு காந்தம், ஒரு ஹால் சிப். ஒரு கீபோர்டுக்கே டஜன் கணக்கில் சிப் தேவைப்பட்டதால், மலிவாகவும் பெருமளவிலும் தயாரித்தே ஆக வேண்டியிருந்தது. தரத்தில் சிறந்த பொருளைவிட, தயாரிக்க எளிதான பொருள் சந்தையைப் பிடித்ததற்கு இது நல்ல உதாரணம்.

மூன்று சென்சார், ஒரு தொல்லை

பிரஷ் இல்லாத மோட்டாரில் பொதுவாக மூன்று ஹால் சென்சார்களைச் சுருள்களுக்கு அருகில் பொருத்துவார்கள். மூன்றும் சேர்ந்து ஒரு மின்சுற்றை ஆறு கட்டங்களாகப் பிரித்துக் காட்டும். கம்ப்யூட்டருக்குள் சுற்றும் குட்டி ஃபேனில் இந்த வேலைக்கு ஒரே ஒரு ஹால் சென்சார் போதும்.

தொல்லை பொருத்துவதில்தான். மோட்டாரில் 10 ஜோடி காந்தத் துருவங்கள் இருந்தால், சென்சார் 1 பாகை நகர்ந்து ஒட்டப்பட்டாலும் மின்கணக்கில் அது 10 பாகைத் தவறாகிவிடும். அதோடு ஆறு கட்டங்கள் என்பது முரட்டுக் கணக்கு. ரோபோ கைக்கும், காரின் ஸ்டியரிங்குக்கும் அது போதாது.

நுணுக்கமாக அளக்க வேறு வழிகளும் இருந்தன. கண்ணாடித் தட்டில் மெல்லிய கோடுகள் போட்டு ஒளியால் எண்ணும் ஆப்டிகல் என்கோடர் ஒன்று. அதன் தட்டு தண்டின் மையத்தில் மிகத் துல்லியமாக உட்கார வேண்டும். தூசியும் எண்ணெயும் அதற்கு ஆகாது. கம்பிச் சுருள்களால் ஆன ரிசால்வர் இன்னொன்று. சூட்டையும் அதிர்வையும் தாங்கும், டொயோட்டா பிரியஸ் காரின் மோட்டாரிலும் இதுதான் இருக்கிறது. ஆனால் சுருள் சுற்ற வேண்டும், அதன் சமிக்ஞையை எண்ணாக மாற்றத் தனிச் சுற்று வேண்டும்.

தண்டின் நுனியில் ஒரு வட்டக் காந்தம்

2000-களில் ஆஸ்ட்ரியாமைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஏஎஸ்5040 போன்ற சிப்கள் வந்தபோது வேலை வெகுவாகக் குறைந்தது. மாத்திரை போன்ற ஒரு வட்டக் காந்தம், அதில் ஒரு பாதி வடதுருவம், மறுபாதி தென்துருவம். அதைத் தண்டின் நுனியில் ஒட்டி, எதிரே சிறு இடைவெளி விட்டுச் சிப்பை வைத்தால் போதும். சிப்புக்குள் வட்டமாக அமைந்த ஹால் தகடுகள் இரண்டு அளவுகளைத் தரும். ஒன்று கோணத்தின் சைன், மற்றொன்று கொசைன். இரண்டின் விகிதத்திலிருந்து கோணம் கிடைக்கும். ஒரு சுற்றை 1024 பங்காக்கி, சுமார் 0.35 பாகை வரை சொல்லும்.

இந்த விகிதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. காந்தம் கொஞ்சம் தள்ளிப்போனாலும், சூட்டில் கொஞ்சம் பலவீனமானாலும் இரண்டு அளவுகளும் ஒரே அளவில் குறையும். விகிதம் மாறாது. எனவே முன்போல் நூலிழைத் துல்லியத்தோடு பொருத்த வேண்டியதில்லை. காந்தத்தை எந்தத் திசையில் ஒட்டினாலும் பரவாயில்லை. மோட்டாரைக் கோத்த பிறகு, எது பூஜ்யக் கோணம் என்பதைச் சிப்பின் நினைவகத்தில் எழுதிவிட்டால் முடிந்தது.

விகிதத்தைக் கோணமாக மாற்றும் கார்டிக் என்ற கணக்கு முறைக்கும் ஒரு பழைய கதை உண்டு. ஜாக் வோல்டர் 1950-களில் பி-58 குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டும் கணினிக்காக, அதிலிருந்த ரிசால்வருக்கு மாற்றாக இதை உருவாக்கி 1959-இல் வெளியிட்டார். பெருக்கலே தேவையில்லை, கூட்டலும் இலக்க நகர்த்தலும் போதும் என்பதால் சின்னச் சிப்பிலும் அடங்கிவிட்டது.

கடினம் எங்கே போனது?

அப்படியானால் கடினம் மறைந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியது. முன்பு ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு தொழிலாளி அலைக்காட்டியைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இப்போது அந்த நுணுக்கமெல்லாம் சிப்பை வடிவமைக்கும்போதே ஒருமுறை செய்யப்படுகிறது. சிலிக்கான் தகட்டில் அழுத்தத்தால் வரும் பொய் மின்னழுத்தத்தை நீக்க, மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றிச் செலுத்திச் சராசரி எடுக்கும் உத்தியும் இதில் அடக்கம். வணிகவியல் மொழியில் சொன்னால், ஒவ்வொரு பொருளுக்கும் ஆன மாறும் செலவு, ஒரே தடவை ஆகும் நிலையான செலவாக மாறியது. லட்சக்கணக்கில் விற்கும்போது அது பங்கு பிரிந்து மலிவாகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நுணுக்கம் சில சிப் நிறுவனங்களிலும் சில காந்த ஆலைகளிலும் குவிந்துவிட்டது. 2021-இல் சிப் தட்டுப்பாட்டால் உலகெங்கும் கார்த் தொழிற்சாலைகள் நின்றன. 2025 ஏப்ரலில் சீனா சமாரியம், டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் உலோகங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, மோட்டார் தயாரிப்பாளர்கள் மறுபடி தவித்தார்கள்.

சென்சாரையே விட்டுவிட முடியாதா? ஓடும் மோட்டாரின் சுருளில் தோன்றும் மின்னழுத்தத்தை வைத்தே கோணத்தைக் கணிக்கும் முறை இருக்கிறது. பல மின்விசிறிகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அந்த மின்னழுத்தம் இருக்காது. மேட்டில் இரண்டு பேரைச் சுமந்து நிற்கும் ஸ்கூட்டர் பின்னுக்குப் போகாமல் உடனே கிளம்ப வேண்டுமென்றால், தண்டு எங்கே நிற்கிறது என்று சொல்ல இன்றும் அந்தச் சின்னக் காந்தமும் ஹால் கண்ட விளைவும்தான் பெரும்பாலும் கைகொடுக்கின்றன.