கணிப்பொறிகளுக்கும் உரிமச் சீட்டு!

ஓட்டுநர் உரிமம் வைத்திருப்போர் அதில் ஒரு தேதி அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். அத்தேதி கடந்ததும், நேற்றுவரை திறம்பட வண்டி ஓட்டியவர் இன்று சட்டப்படி ஓட்டத் தகுதியற்றவர் ஆகிறார். அவர் தொழிலை மறந்துவிடவில்லை, சீட்டுதான் காலாவதியாகிவிட்டது. பெரிய நிறுவனங்களில் இரவு பகலாக இயங்கும் சர்வர் கணிப்பொறிகளுக்கும் இத்தகைய உரிமச் சான்றிதழ்கள் உண்டு. இவை எவ்வாறு தோன்றின? இவற்றைப் புதுப்பிக்கத் தவறினால் என்ன நேரும்?

நிரலுக்கு விலை வந்தது

தொடக்கக் காலத்தில் கணிப்பொறியை வாங்குவோருக்கும் வாடகைக்கு எடுப்போருக்கும் நிரல்கள் அதனுடனேயே கிடைத்தன. அவற்றுக்குத் தனி விலை இல்லை. 1969 ஜூன் 23 அன்று ஐ.பி.எம். நிறுவனம் பல நிரல்களுக்கும் பணிகளுக்கும் இனித் தனி விலை என அறிவித்தது. மென்பொருள் விற்பனைப் பொருளாயிற்று. ஆனால் இது விந்தையான பொருள். எத்தனை படிகள் எடுத்தாலும் மூலம் குறைவதில்லை. எனவே விற்பவர் பொருளை விற்கவில்லை. அதைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் விற்றார். அந்த உரிமையைக் கணிப்பொறியே சரிபார்க்க ஒரு வழி தேவைப்பட்டது.

வழி பிறந்த கதை

அவ்வழி கணிதத்திலிருந்து வந்தது. 1976இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் இரட்டைச் சாவி முறையை வெளியிட்டனர். ஒரு சாவி உரியவரிடம் இரகசியமாக இருக்கும். மற்றது யாவருக்கும் தெரியும். இரகசியச் சாவியால் இட்ட கையொப்பத்தைப் பொதுச் சாவியால் எவரும் சோதிக்கலாம். ஆனால் போலியாக இட முடியாது. 1978இல் லோரன் கோன்ஃபெல்டர் என்ற மாணவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எழுதிய ஆய்வேட்டில், இவ்வாறு கையொப்பமிட்ட ஆவணத்துக்குச் 'சான்றிதழ்' என்று பெயரிட்டார். 1988இல் எக்ஸ்.509 என்னும் பன்னாட்டுத் தரம் வெளிவந்தது. செல்லுபடியாகும் முதல் நாளும் கடைசி நாளும் அதில் கட்டாயப் பகுதிகள்.

உரிமச் சான்றிதழும் இதே வழியில் இயங்குகிறது. யாருக்கு உரிமை, எந்த மென்பொருள், எத்தனை கணிப்பொறிகள், எந்நாள்வரை என்பவற்றை எழுதி விற்பவர் கையொப்பமிடுகிறார். அதைக் கணிப்பொறியில் இட்டதும் மென்பொருள் கையொப்பத்தைச் சோதிக்கிறது; பின் கடிகாரத்தைப் பார்க்கிறது. எல்லாம் பொருந்தினால் வேலை தொடங்கும். இதுவே செயலாக்கம். சான்றிதழில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. ஆகவே பழைய சீட்டில் தேதியைத் திருத்த இயலாது. புதிய சீட்டே பெற வேண்டும். இது புதுப்பித்தல்.

தேதி செய்த கலகம்

2008 ஆகஸ்ட் 12 அன்று, ஒரு பெரிய கணிப்பொறியைப் பல மெய்நிகர் கணிப்பொறிகளாகப் பிரித்து ஆளும் வி.எம்.வேர் மென்பொருளின் ஒரு பதிப்பு திடீரென முரண்டு பிடித்தது. ஓடிக்கொண்டிருந்தவை ஓடின, நிறுத்தி வைத்தவற்றை மீண்டும் இயக்க முடியவில்லை. பணம் கட்டியவர்களும் தப்பவில்லை. சோதனைப் பதிப்புக்கு வைத்த காலாவதித் தேதி, விற்பனைப் பதிப்பில் தவறுதலாக நீக்கப்படாமல் இருந்துவிட்டது! சிலர் கணிப்பொறியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பிச் சமாளித்தனர். நிறுவனத் தலைவர் பால் மாரிட்ஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஸூர் சேவை தடுமாறியது. அங்கு கணிப்பொறிகள் தமக்குள் பயன்படுத்தும் சான்றிதழுக்கு ஓராண்டு ஆயுள். முடிவு நாளைக் கணக்கிட நிரல் ஆண்டோடு ஒன்றைக் கூட்டியது. விடை 2013 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாளே இல்லை! சான்றிதழ் பிறக்கவில்லை. நல்ல கணிப்பொறிகளைப் பழுதானவை என்று கருதிய மேலாண்மை நிரல், அவற்றின் வேலையை வேறு கணிப்பொறிகளுக்கு மாற்றியது. கோளாறு அங்கும் பரவிற்று.

2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் நிறுவனத்தின் தொலைத்தொடர்பு மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியாயிற்று. பிரிட்டனில் ஓ2, ஜப்பானில் சாஃப்ட்பேங்க் ஆகியவற்றின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் சேவையிழந்தனர். லண்டனில் பேருந்து வரும் நேரம் காட்டும் பலகைகளும் பாதிக்கப்பட்டன. கம்பி அறவில்லை, கோபுரம் சாயவில்லை. ஒரு நாள் கடந்தது, அவ்வளவே.

தேதியை நீக்கிவிடலாமா?

அப்படியானால் தேதியே வேண்டாமே என்று தோன்றும். அது சரியன்று. இரகசியச் சாவி களவு போனால், முடிவற்ற சான்றிதழ் முடிவற்ற ஆபத்தாகும். ஆகவே அறிஞர்கள் எதிர்த்திசையில் சென்றனர். உரிமச் சான்றிதழின் உடன்பிறப்பான இணையதளச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். 2015இல் பணி தொடங்கிய லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, 90 நாள் சான்றிதழ்களை இலவசமாக அளித்தது. 2029 மார்ச்சிலிருந்து இவற்றின் ஆயுள் 47 நாட்களுக்கு மேற்படக் கூடாது என 2025இல் முடிவாயிற்று. இத்தனை அடிக்கடி மனிதர் நினைவு வைத்துப் புதுப்பிப்பது கடினம். கணிப்பொறியே புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

ஆண்டுக்கொருமுறை வரும் வேலைதான் எளிதில் மறக்கும். ஆகவே எந்தச் சான்றிதழ் எங்கே உள்ளது, என்று முடிகிறது, யார் பொறுப்பு என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பது கணிப்பொறி நிலையத்தாரின் முதற்கடமை. தானே புதுப்பிக்கும் கருவி வந்த பின்னும், அது தன் வேலையைச் செய்ததா என்று பார்க்க ஒருவர் வேண்டுமன்றோ?