ஜமீன் நாற்காலி
அத்தியாயம் 9: பறித்தவரும் பறிகொடுத்தவரும்

சென்ற வாரம் இடிபட்ட கோட்டைகளோடு நிறுத்தியிருந்தோம். 1801 டிசம்பர் 1 அன்று கிழக்கிந்தியக் கும்பினி அரசு வெளியிட்ட அறிக்கை தென்சீமைப் பாளையங்களின் தலையெழுத்தையே மாற்றியது. வேல், ஈட்டி, துப்பாக்கி எதுவும் எவர் கையிலும் இருக்கக் கூடாது, கோட்டைகள் நிற்கக் கூடாது என்றார்கள். பதிலுக்கு, கட்ட வேண்டிய பேஷ்குஷ் என்ற கப்பத்தை நிரந்தரமாக நிர்ணயித்துத் தருவதாக வாக்களித்தார்கள். 1803இல் அதற்கான உரிமைப் பத்திரமான சனது வந்தது. நம் வத்திராயிருப்பிலிருந்து மலையடிவாரமாகவே தெற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் தாண்டிச் சேத்தூர், அதற்கப்பால் சிவகிரி. அங்கெல்லாம் பாளையக்காரராக இருந்தவர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். படை போயிற்று. ஊர்க்காவல் உரிமையும் போயிற்று.

ஆயுதம் இல்லாத பிரபுவுக்கு ஊரில் என்ன வேலை?

ஊரில் பிரபுவுக்கு என்ன வேலை என்ற கேள்வி அதற்குச் சற்று முன்பு ரஷ்யாவில் எழுந்தது. மகாராணி கேத்தரீன் 1785இல் ஒரு சாசனம் வழங்கினாள். அதன்படி ஒவ்வொரு மாகாணத்துப் பிரபுக்களும் மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடித் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குக் கீழே மாவட்டம்தோறும் ஒரு தலைவர். சம்பளம் கிடையாது, வேலையோ மலையளவு. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகு அது இன்னும் பெருத்தது. மாவட்ட மன்றக் கூட்டத்துக்கு அவரே தலைமை வகித்தார். பள்ளிக்கூடக் குழு, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குழு எல்லாமே அவர் பொறுப்பு. டால்ஸ்டாய் ‘அன்னா கரீனினா’வில் இப்படியொரு தலைவர் தேர்தலை விலாவாரியாக எழுதியிருக்கிறார். நம் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்தத் தலைவருக்கு இருந்த பொறுப்புகளில் ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். தகப்பனை இழந்த பிரபு வீட்டுப் பிள்ளைகளின் சொத்தைப் பாதுகாக்கும் மன்றத்துக்கும் அவர்தான் தலைவர். பிரபு வீட்டுப் பிள்ளையைப் பிரபுக்களே பார்த்துக்கொண்டார்கள்.

இங்கே அது நடக்கவில்லை. 1873இல் ராமநாதபுரம் ஜமீன்தார் சேதுபதி இறந்தபோது மகன் பாஸ்கர சேதுபதி நான்கைந்து வயதுப் பிள்ளை. சமஸ்தானம், மைனர் வாரிசுகளின் சொத்தைக் கவனிக்கும் சர்க்கார் அமைப்பான கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் கைக்குப் போயிற்று. பதினாறு வருஷம், 1889 வரைக்கும், சர்க்கார் நிர்வாகம். பையனை எங்கே படிக்க வைப்பது, யாரிடம் ஆங்கிலம் கற்பது என்பதையெல்லாம் சர்க்கார் தீர்மானித்தது. பின்னாளில் விவேகானந்தரை அமெரிக்காவுக்குப் போகத் தூண்டிய அதே பாஸ்கர சேதுபதிதான் இவர். மைனர் ஜமீன்தார்களுக்கென்றே சென்னைத் தேனாம்பேட்டையில் நியூயிங்டன் மாளிகையில் ஒரு பள்ளி நடந்தது. 1919 அக்டோபரில் ஓர் இரவு, அதன் தலைவர் டி லா ஹே துரை படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகம் விழுந்தது அங்கே தங்கியிருந்த ஜமீன் வாரிசுகள் மேல்! வழக்கு பம்பாய் வரை போயிற்று. இங்கே தொட்டால் இந்த வாரம் முழுக்க அதுவாகிவிடும், பின்னால் வருகிறேன்.

ஆக, நம் ஜமீன்தாரை வளர்த்ததும் சர்க்கார், நாற்காலி போட்டு உட்கார வைத்ததும் சர்க்கார். 1884இல் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் வந்து ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகள் முளைத்தன. முதலில் கலெக்டரே ஜில்லா போர்டுத் தலைவர். பிறகு மெல்ல மெல்ல அந்த இடம் உள்ளூர்ப் பெரியவர்களுக்கு விடப்பட்டது. 1909 சீர்திருத்தத்தில் சென்னைச் சட்டசபையில் ஜமீன்தார்களுக்கென்று தனி இடம் கிடைத்தது. 1935 சட்டத்திலும் கீழ்ச்சபையின் 215 இடங்களில் 6 நிலச்சுவான்தார்களுக்கு. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று நல்ல காரியங்கள் நடக்காமல் இல்லை. ஆனால் அந்த மரியாதைக்கு ஊர் ஜனத்தின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

கேட்டபோது என்ன ஆயிற்று?

1937 தேர்தல். ராமநாதபுரத்தில் ராஜா சண்முக ராஜேஸ்வர சேதுபதியே களத்தில் நின்றார். எதிரே காங்கிரஸ் சார்பில் இளைஞர் முத்துராமலிங்கத் தேவர். ராஜா தோற்றார். அத்தனைக்கும், எல்லோருக்கும் வாக்குரிமை இல்லாத காலம் அது. பெரும்பாலும் சொத்தோ படிப்போ உள்ளவர்களே ஓட்டுப் போட்டார்கள். அவர்களே கைவிட்டார்கள் என்றால் நாற்காலியின் கால் எவ்வளவு உளுத்திருந்தது!

அடுத்த அடி நம் பக்கத்து ஊரிலிருந்து விழுந்தது. ராஜபாளையம் பி.எஸ். குமாரசாமி ராஜா கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர், பாட்டியிடம் வளர்ந்தவர், காங்கிரஸில் சேர்ந்து சிறை போனவர். பெயரில் ராஜா உண்டு, ஜமீன் கிடையாது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948ஆம் வருஷத்து 26ஆம் சட்டமாக ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தபோது, 1949 ஏப்ரலில் முதல்வர் பொறுப்பேற்ற குமாரசாமி ராஜா ஆட்சியில் இருந்தார். அந்த வருஷம் செப்டம்பர் 7 அன்று ராமநாதபுரம் சமஸ்தானத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1803இல் வந்த சனது வெறும் காகிதமாயிற்று.

ரஷ்யாவில் கதை 1917 நவம்பரோடு தீர்ந்துவிட்டது. புரட்சி அரசு பிரபு என்ற பட்டத்தையும் அவர்கள் சபைகளையும் ஒரே ஆணையில் ஒழித்தது. நம் ஊரிலும் 1949 செப்டம்பரோடு கதை முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

1952 வந்தது. இருபத்தொரு வயதான எல்லோருக்கும் ஓட்டு. ஜமீனைப் பறித்த குமாரசாமி ராஜா, முதல்வராக இருந்துகொண்டே ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றார். தோற்றார். ஜமீனைப் பறிகொடுத்த சேதுபதி ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்றார். ஜெயித்தார். அதோடு விட்டதா? அந்த ஏப்ரலில் ராஜாஜி அமைத்த மந்திரிசபையில் அவரும் ஒரு மந்திரி!

சனதும் கலெக்டரும் தந்த நாற்காலி 1937இல் சேதுபதியைக் காப்பாற்றவில்லை. சனது போன பிறகு, நேற்றுவரை அவருக்கு வரி கட்டிய குடியானவனே ஓட்டுப் போட்டு அவரை உட்கார வைத்தான். ஏன்? அதே குடியானவனுக்காக ஜமீனை ஒழித்தவர் சொந்தச் சீமையிலேயே ஏன் கைவிடப்பட்டார்?

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் அந்தத் தேர்தல் எப்படி நடந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். வத்திராயிருப்பு, கூமாப்பட்டிப் பக்கம் 1952 தேர்தலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருந்தால், அதற்குள் ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.

(தொடரும்)