சூனியம் என்னுஞ் சொல்

சூனியம் என்பது வடசொல். வீங்குதற் பொருளதாகிய அடியினின்று பிறந்து, வீங்கியதன் அகம் பொள்ளலாதல்பற்றி வெறுமையை உணர்த்திற்று என்பர் சொன்னூல் வல்லார். அவ்வொரு சொல் இடந்தோறும் வெவ்வேறு பொருள் பயந்தமை ஈண்டு ஆராயப்படும்.

கணித நூலார்க்கு அஃது ஓர் எண். கி. பி. 628-இல் பிரமகுப்தர் சூனியத்தைக் கூட்டற்குங் கழித்தற்கும் விதி வகுத்தார். அராபியர் அதனைச் 'சிஃபிர்' எனத் தம் மொழியிற் பெயர்த்தனர். தமிழ்நாட்டில் வழங்குஞ் 'சைபர்' என்பதும், 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வில்லியனூர், மூலக்குளம் முதலிய ஊர்களிற் புகுந்த பிரெஞ்சு மொழியின் 'ஸேரோ' என்பதும் அதன் வழிவந்தனவே. பண்டைத் தமிழர் இதனைப் 'பாழ்' என்றமை பரிபாடலாற் பெறப்படும். எண்ணின் வலத்தே நின்று அதனைப் பதின்மடங்காக்குதலின், இச்சூனியம் பயனின்மை ஆகாது.

ஊர்வழக்கிலோ, மந்திர வஞ்சனையாற் பிறர் வாழ்வைப் பாழாக்குஞ் செயலை அச்சொல் குறிக்கும்.

பௌத்தருள் மாத்தியமிகர்க்குத் தலைவராகிய நாகார்ச்சுனர், பொருள்கள் சார்பிற் றோன்றுவனவாகலின் தமக்கெனத் தனியியல்பு உடையன அல்ல என்பதனையே சூனியம் என்றார். முழு இன்மையை அன்று. எனினும் பிற சமயத்தார் பலர் அதனை முழு இன்மையாகவே கொண்டு மறுத்தனர்.

இனி, 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய மெய்கண்டதேவர், சிவஞானபோதம் ஏழாஞ் சூத்திரத்திற் சத்தின்முன் யாவுஞ் சூனியம் என வைத்தார். அற்றேல், உலகம் இல்பொருளோ எனின், அன்று. முதற் சூத்திரம் உலகின் தோற்றம், நிலை, இறுதிகளைக் கொண்டே இறைவன் உண்மையை நிறுவிற்று. இல்பொருட்குத் தோற்றமும் ஒடுக்கமும் கூடாமையின், சூனியம் இன்மையாயின் அந்நிறுவலே வீழும். மலமும் இல்பொருளாயின் கட்டில்லை. கட்டில்லையேல் வீடும், அதற்குரிய நோன்பும் வேண்டா. பின்வருஞ் சூத்திரங்கள் அனைத்தும் பயனில் கூற்றாய் முடியும்.

ஆகலின் ஈண்டுச் சூனியமாவது விளங்காமை என்க. ஆசிரியர் தாமே அச்சூத்திரத்து முதல் மேற்கோளில் இதனையே தெளித்தார். பகலவன்முன் விண்மீன்கள் விளங்கா. அதனால் அவை இல்லாதன ஆகா. சத்தின்முன் அசத்து விளங்காமையிற் சத்து அதனைச் சுட்டியறிவதில்லை. அசத்து அறிவிலதாகலின் யாதும் அறியாது. இரண்டனையும் அறிவது ஆன்மாவே என்பது சூத்திரத்தின் துணிபு.

கணிதர் பொருளையோ மாத்தியமிகர் பொருளையோ ஈண்டுப் பெய்து உரைப்பின், அறியும் ஆன்மா ஒன்று உண்டென்னும் இத்துணிபு கைநழுவும். சொல் ஒன்றாயினும் அது நின்ற இடம் நோக்கியே பொருள் கோடல் முறையாம்.