பதிவேட்டில் இடம்பெறாத மருத்துவச்சி

நம் திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டுவோர் குழந்தையின் பெயரையும், பிறந்த நாளையும், பெற்றோர், ஞானப்பெற்றோர், திருமுழுக்களித்த குரு ஆகியோரின் பெயர்களையும் காண்பர். அக்குழந்தையை முதன்முதல் கையில் ஏந்தியவள் யார் என்பதற்கு அங்கே இடம் இல்லை. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் சென்ற தலைமுறைவரை அவள் பெரும்பாலும் ஊர் மருத்துவச்சியே.

1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிருந்த இப்பகுதி, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட மானாவாரி நிலம். நள்ளிரவில் வலி கண்டால் மாட்டுவண்டியன்றி வேறு வழியில்லாத ஊர்களில் மருத்துவச்சியே மருத்துவமனை. நாவிதர் குலத்து ஆடவர் சவரத்தோடு வைத்தியமும் செய்தனர். அவர்தம் பெண்டிர் பிள்ளைப்பேறு பார்த்தனர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் இச்செய்தி உண்டு. தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளில் அவ்வவ்விடத்து மூதாட்டியரே இப்பணியைச் செய்தனர். கூலி, முறத்தில் நெல்லும் வெற்றிலை பாக்கும், சில வீடுகளில் ஒரு சேலையும். பேறுகாலத்தில் எவ்வீட்டு உள்ளறைக்கும் செல்லக்கூடியவள், தீட்டுக் கழிந்தபின் திண்ணையோடு நிறுத்தப்பட்டாள். பிறப்பின் தீட்டைச் சுமக்கவே ஒரு குலத்தை ஒதுக்கிவைத்த இவ்வமைப்பை நம் சபைகளும் முற்றாக உதறவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

மிஷனெரிமார் எழுத்துகளில் மருத்துவச்சி பெரும்பாலும் அறியாமையின் உருவாகவே வருகிறாள். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டே ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் கற்றார். 1900இல் திரும்பிவந்து, 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். குழந்தை குறுக்கே கிடந்தால் மருத்துவச்சியின் கைத்திறன் அங்கே முடிந்துவிடும். கொடியை அரிவாளால் அறுத்துச் சாம்பல் வைத்த வழக்கத்தால் இசிவு நோய் கண்டு இறந்த சிசுக்கள் பல. ஆயினும் பெண்ணைக் குந்தவைத்தும், கயிற்றைப் பற்றச்செய்தும், முதுகைத் தாங்கியும் பிள்ளை பெறச்செய்த அவள் முறையை மருத்துவமனைக் கட்டில் ஒழித்தது. பெண் தனக்கு இசைந்த நிலையில் பிள்ளை பெறலாம், விரும்பிய துணையை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது.

அரசும் அவளைப் பயன்படுத்திக்கொண்டது. கர்சன் சீமாட்டி 1903இல் நிதி திரட்டியது இவர்களைப் பயிற்றவே. போதிய செவிலியர் உருவாகும்வரை பயிற்சி பெற்ற நாட்டு மருத்துவச்சியரைக் கொள்ளலாம் என்றது 1946இன் போர் குழு அறிக்கை. 1977இன் கிராம சுகாதாரத் திட்டம் அவர்களுக்கு முப்பது நாள் பயிற்சி தந்து, ஒரு பெட்டியும் கொடுத்தது.

யாத்திராகமத்தில் பார்வோனின் பெயர் இல்லை. சிப்பிராள், பூவாள் என்னும் இரு மருத்துவச்சியரின் பெயர்கள் உண்டு. அவர்கள் அரசனிடம் சொன்னது பொய்யாகுமா என்று அகஸ்தீன் காலமுதல் வாதிட்ட நாம், அவர்களுடைய தொழிலைப்பற்றி அதிகம் கேட்டதில்லை. நம் நாட்டிலோ கட்டளை பெண் குழந்தைக்கு எதிராக எழுந்தது. இட்டவன் அரசனுமல்லன், வீட்டாரே. உசிலம்பட்டி, சேலம் பகுதிகளிலிருந்து 1980களில் சிசுக்கொலைச் செய்திகள் வெளிவந்தபோது, கூலிக்கும் அச்சத்துக்கும் ஆட்பட்ட மருத்துவச்சியரே முதலில் பழி சுமந்தனர். அவர்களுள் குற்றமற்றவர் அனைவரும் என்று நாம் வாதிடவில்லை. எனினும் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்டோருள் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு அரியலூர் மாவட்டத்தில் பெண் குழந்தைகள் 897 மட்டுமே. மருத்துவச்சியர் பெரும்பாலும் கைவிடப்பட்டிருந்த காலம் அது. வீட்டாரின் விருப்பத்துக்கு அதற்குள் கருவியறிக்கை வந்துவிட்டது.

2015–16இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய 99 விழுக்காடு மருத்துவமனைகளில் நிகழ்ந்தன. தாய்மார் பிழைத்தனர்; அதற்காக நாம் நன்றி சொல்லுகிறோம். செந்துறைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முதிர்ந்த மருத்துவச்சி ஒருவரைக் கண்டபோது, "எத்தனை பிள்ளைகள் எடுத்திருப்பீர்கள், பாட்டி?" என்று கேட்டோம். "கணக்கு யாரு வச்சா, ஐயா? நீங்க நடந்து வந்தீங்களே, அந்தத் தெருவுல பாதிப்பேரு" என்றார்.